பையன் திருடினான், குடும்பமே கூடியது!

15 வயதுப் பையன். தெருவில் நின்ற காரைத் திருடினான். ஓட்டத் தெரியாமல் ஓட்டினான். சுவரில் மோதினான். போலீசார் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து என்ன?

போலீஸ் நிலையம், கோர்ட்டு, பிறகு சீர்திருத்தப் பள்ளி. அம்மா கோர்ட்டு வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அப்பா வக்கீலைத் தேடி அலைவார். ஊரில் இருக்கும் பாட்டிக்கு விஷயத்தையே சொல்லமாட்டார்கள். இப்படித்தான் நாம் நினைப்போம்.

நியூசிலாந்து நாட்டில் அந்தப் பாட்டிக்கும் அழைப்பு போகிறது! மாமாவுக்குப் போகிறது. சித்திக்குப் போகிறது. தாத்தாவுக்குப் போகிறது. காரைப் பறிகொடுத்தாரே, அவருக்கும் போகிறது. எல்லோரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். பையனை என்ன செய்வது என்று அவர்கள் பேசி முடிவு செய்கிறார்கள்.

இந்தக் கார்ப் பையன் ஓர் உதாரணந்தான். ஆனால் இப்படிக் கூட்டம் நடப்பது உண்மை. 1989-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி முதல் அந்த நாட்டில் இதுதான் சட்டம்.

பஞ்சாயத்து மாதிரி இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். கொஞ்சம் அப்படித்தான். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்து அல்ல இது. இங்கே தீர்ப்புக்கு வழி சொல்வது பிள்ளையின் சொந்தக் குடும்பம்!

பிள்ளைகளைப் பிடித்துப்போன காலம்

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. கண்ணீருக்குப் பிறகு வந்தது.

நியூசிலாந்தின் பூர்வகுடி மக்கள் மாவோரிகள். அவர்களுக்குக் குடும்பம் என்றால் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் அல்ல. பாட்டன், பாட்டி, பெரியப்பா, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன், அவன் பிள்ளை எல்லோரும் சேர்ந்ததுதான் குடும்பம். அதை 'ஃபானவ்' என்று சொல்லுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் 'பிறப்பது' என்றும் பொருள் உண்டு. ஒரு பிள்ளை பிறந்தால் அது இத்தனை பேருக்கும் பிள்ளை. தப்பு செய்தால் அந்தத் தலைகுனிவும் இத்தனை பேருக்கும் உண்டு.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த சட்டத்துக்கு இது புரியவில்லை. பையன் பள்ளிக்கூடம் போகவில்லையா? சில்லறைத் திருட்டா? அடங்காத பிள்ளையா? பிடித்துக் கொண்டுபோய்ச் சர்க்கார் விடுதியில் போட்டார்கள். ஆக்லாந்து நகரில் ஓவைராக்கா, வெல்லிங்டன் அருகில் எப்புனி என்று அந்த விடுதிகளின் பெயரைக் கேட்டாலே பெற்றோர் நடுங்கினார்கள். 1970-களில் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் மாவோரிப் பிள்ளைகள். சில விடுதிகளில் புதிதாக வரும் பிள்ளையை முதலில் தனி அறையில் போட்டுப் பூட்டுவது வழக்கம். அடி, உதை, அதைவிடக் கொடுமைகளும் நடந்தன.

1978-ல் பொதுமக்கள் அமைப்புகள் சில சேர்ந்து தாங்களாகவே ஒரு விசாரணை நடத்தின. விடுதியில் இருந்த பிள்ளைகளும் அவர்களை அறிந்தவர்களும் வந்து நடந்ததைச் சொன்னார்கள். 1982-ல் மனித உரிமைக் கமிஷனும் அறிக்கை வெளியிட்டது.

1985-ல் சர்க்கார் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் ஜான் ரங்கிஹாவ் என்ற மாவோரிப் பெரியவர். குழுவினர் ஆபீசில் உட்கார்ந்து எழுதவில்லை. 'மராயே' என்னும் மாவோரிகளின் பொதுமனைகளுக்கு நேரில் போனார்கள். தாய்மார் பேசினார்கள், கிழவர்கள் பேசினார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "எங்கள் பிள்ளையை எங்களைக் கேட்காமல் எடுத்துப் போகிறீர்கள்!"

அந்தக் குழுவின் அறிக்கைக்கு 'விடியல்' என்று பொருள்படும் மாவோரிப் பெயரையே வைத்தார்கள். இதற்கிடையில் 1986-ல் சர்க்கார் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. நிபுணர் குழுக்கள்தான் அதில் முக்கியம். டாக்டரும் அதிகாரியும் கூடிப் பேசுவார்கள். குடும்பம் வெளியே நிற்கும். அதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மசோதாவைத் திருப்பி எழுதினார்கள். 1989-ல் நிறைவேறிய சட்டத்தில் குடும்பம் நடு வீட்டுக்கு வந்துவிட்டது.

சட்டம் மாவோரிகளுக்கு மட்டும் அல்ல. வெள்ளைக்காரப் பிள்ளை, பசிபிக் தீவுப் பிள்ளை, இந்தியப் பிள்ளை எல்லோருக்கும் அதே முறைதான்.

கூட்டம் எப்படி நடக்கும்?

சின்னத் தப்பு என்றால் கூட்டமே கிடையாது. போலீசில் இதற்கென்று தனி அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு வருவார்கள். எச்சரிப்பார்கள். "மன்னிப்புக் கடிதம் எழுது, உடைத்ததற்குப் பணம் கொடு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பெரும்பாலான பிள்ளைகளின் கதை அங்கேயே முடிந்துவிடும். இன்னொரு பக்கம், கொலை வழக்குக்கு இந்த வழி கிடையாது. அது பெரிய கோர்ட்டுக்குத்தான் போகும்.

இடைப்பட்ட குற்றங்களுக்குத்தான் குடும்பக் கூட்டம். கார்த் திருட்டு, வீடு புகுந்து திருடுவது, கொள்ளை, அடிதடி ஆகியவை இதில் வரும். முதலில் 14 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு என்று இருந்தது. 2019 ஜூலை 1 முதல் 17 வயதினரையும் சேர்த்தார்கள். மிகக் கடுமையான குற்றம் செய்த 17 வயதினருக்கு மட்டும் பெரியவர்களின் கோர்ட்டு.

கூட்டத்தைக் கூட்டுவதற்கு ஒரு சர்க்கார் அதிகாரி உண்டு. அவர் நீதிபதி அல்ல. போலீசும் அல்ல. கல்யாண வீட்டில் பந்தல்காரர் முதல் பந்தி வரை கவனிக்கும் தாய்மாமன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் யார் வரவேண்டும், எங்கே கூடலாம், எந்த நேரம் வசதி என்று குடும்பத்தைக் கேட்டு ஏற்பாடு செய்வார். வீட்டில் கூடலாம். மராயேயில் கூடலாம். சர்க்கார் ஆபீசிலும் கூடலாம்.

கூட்டத்தில் போலீஸ் அதிகாரி நடந்த குற்றத்தைப் படிப்பார். "இதை நீ செய்தாயா?" என்று பையனைக் கேட்பார்கள். "இல்லை" என்றால் கூட்டம் மேலே போகாது. அப்போது கோர்ட்டுதான் விசாரிக்கவேண்டும். செய்தானா இல்லையா என்று ஓட்டெடுப்பு நடத்தும் இடமல்ல அது.

"செய்தேன்" என்று ஒப்புக்கொண்டால் பறிகொடுத்தவர் பேசுவார்.

இதுதான் கடினமான கட்டம். கார் போனவர் காரைப் பற்றி மட்டும் பேசமாட்டார். வேலைக்குப் போக முடியவில்லை என்பார். ராத்திரி சத்தம் கேட்டால் மனைவி பயந்து எழுகிறாள் என்பார். பையன் எதிரே உட்கார்ந்து இதைக் கேட்கவேண்டும். பக்கத்தில் அவன் அம்மா. அந்தப் பக்கம் தாத்தா. கோர்ட்டில் என்றால் அவன் சார்பில் வக்கீல் பேசுவார். அவன் தரையைப் பார்த்து நிற்பான். இங்கே தரையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

கதவைச் சாத்திக்கொள்ளும் நேரம்

பிறகு ஒரு விசித்திரம் நடக்கிறது. போலீஸ் அதிகாரி வெளியே போகிறார். வக்கீல் வெளியே போகிறார். கார்க்காரர் வெளியே போகிறார். கூட்டம் கூட்டிய அதிகாரியும் எழுந்து போய்விடுகிறார். குடும்பம் மட்டும் உள்ளே!

இது சலுகை அல்ல. சட்டம் கொடுத்த உரிமை. குடும்பம் தனியே பேச வேண்டும் என்றால் யாரும் உள்ளே இருக்கக்கூடாது.

என்ன பேசுவார்கள்? வெளியாருக்குத் தெரியாது. நாம் ஊகிக்கலாம். எந்த வீட்டிலும் அந்நியர் முன்பு பேச முடியாத பேச்சு உண்டு. அப்பா குடிப்பது. அம்மா இரண்டு வேலை பார்ப்பது. பையன் மூன்று மாதமாகப் பள்ளிக்கூடம் போகாதது யாருக்கும் தெரியாமல் போனது. அதிகாரி கேட்டால் "ஒன்றும் இல்லை, சார்" என்பார்கள். அத்தை கேட்டால் அப்படிச் சொல்ல முடியுமா?

கதவு திறக்கும்போது குடும்பம் ஒரு திட்டத்தோடு வரவேண்டும். பையன் நேரில் மன்னிப்புக் கேட்பான். இத்தனை மணி நேரம் ஊருக்கு உழைப்பான். சேதத்துக்கு வாராவாரம் இவ்வளவு கட்டுவான். இருட்டிய பிறகு வீட்டைவிட்டுப் போகமாட்டான். சனிக்கிழமைதோறும் மாமாவோடு வேலைக்குப் போவான். பள்ளிக்கூடத்தில் மறுபடி சேருவான். யார் கவனிப்பது, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்றும் எழுதவேண்டும்.

போலீசும் பறிகொடுத்தவரும் ஒப்புக்கொண்டால் திட்டம் நிற்கும். இல்லையென்றால் கோர்ட்டு முடிவு செய்யும். வழக்கு ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தால் நீதிபதி திட்டத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்லவேண்டும். பெரும்பாலும் சொல்லிவிடுகிறார். பையன் திட்டத்தை ஒழுங்காக முடித்துவிட்டால், வழக்கே போடப்படாதது போல் அவனை விடுவிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. குற்றம் நிரூபணமான பிறகும், கூட்டத்துக்கு வாய்ப்புக் கொடுக்காமல் இளைஞர் கோர்ட்டு தண்டனை விதிக்க முடியாது.

1989-ல் நிறைவேறிய சட்டத்தில் எனக்குப் பிடித்த வாசகம் ஒன்று இருந்தது. குழந்தைக்குக் காலம் எப்படித் தோன்றுகிறதோ அதற்குத் தக்கபடி முடிவுகள் சீக்கிரம் எடுக்கப்படவேண்டும் என்பது அதன் கருத்து. உண்மைதானே! நமக்கு ஆறு மாதம் என்றால் அடுத்த பொங்கல். 14 வயதுப் பையனுக்கு ஆறு மாதம் ஒரு யுகம். வைகாசியில் செய்த தப்புக்கு மார்கழியில் தண்டனை கொடுத்தால், எதற்கு என்றே அவனுக்கு விளங்காது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறது என்று கேட்பீர்கள். 2015-ம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை பிடிபட்டால் பெற்றோருக்கு உடனே தகவல் சொல்லவேண்டும். பெற்றோர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வரவேண்டும். நன்னடத்தை அலுவலர் பிள்ளையின் வீட்டு நிலைமையை விசாரித்து அறிக்கை கொடுக்கவேண்டும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்லி வீட்டுக்கு அனுப்பவும் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் நம் சட்டத்தில் குடும்பம் பதில் சொல்ல வருகிறது. நியூசிலாந்தில் குடும்பம் முடிவு சொல்ல வருகிறது. வித்தியாசம் அங்கேதான்.

எல்லாம் இனிப்பு அல்ல

புதுச் சட்டம் வந்த கையோடு, காப்ரியேல் மேக்ஸ்வெல், ஆலிசன் மாரிஸ் என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் சுமார் 200 கூட்டங்களை ஆராய்ந்தார்கள். 1993-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். பத்துக் கூட்டத்தில் ஒன்பதுக்கு மேல் எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு கிடைத்திருந்தது. பெற்றோரில் பெரும்பாலோர் தங்களுக்கும் முடிவில் பங்கு இருந்தது என்றார்கள்.

பிள்ளைகள்? மூன்றில் ஒருவர்தான் அப்படிச் சொன்னார்! மற்றவர்கள், பெரியவர்கள் தங்கள் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள் என்று நினைத்தார்கள். இது எந்த நாட்டுக் குடும்பத்துக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது.

பறிகொடுத்தவர்கள் பாதிக் கூட்டங்களுக்குக்கூட வரவில்லை. கோபமா? இல்லை. "அவன் முகத்திலேயே விழிக்கமாட்டேன்" என்றவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குச் சரியாக அழைப்பே போகவில்லை. அல்லது அவர்களால் வர முடியாத நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டார்கள். வந்தவர்களில் பலருக்கு மனம் ஆறியது. ஆனால் சுமார் கால்வாசிப் பேர் வந்ததைவிட மனம் நொந்து திரும்பினார்கள். பையன் மன்னிப்புக் கேட்டது மனதார இல்லை என்று பட்டது ஒரு காரணம்.

அவசரமாகக் கூட்டிய கூட்டம் இப்படித்தான் கெட்டுப்போகும். குடும்பத்தை முன்கூட்டியே போய்ப் பார்க்கவேண்டும். பறிகொடுத்தவரிடம் பொறுமையாகப் பேசவேண்டும். பாதி வேலை கூட்டத்துக்கு முன்பே நடக்கவேண்டும். அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். குடும்பத்தின் கையில் பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் பணப்பையைச் சர்க்கார் இறுக்கிக்கொண்டால் என்ன ஆகும்? "பையனைக் குடிப்பழக்க சிகிச்சைக்கு அனுப்புவோம்" என்று குடும்பம் எழுதும். சிகிச்சைக்கு இடம் இருக்காது. திட்டம் காகிதத்தில் தூங்கும். பையன் மறுபடி தெருவுக்கு வருவான். அப்போது குடும்பத்தின் மீது பழி விழும். இந்தக் குறை அந்த நாட்டில் பல முறை எழுந்திருக்கிறது.

பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில் இன்னொன்றும் தெரிந்தது. கூட்டத்தில் 'நீ கெட்டவன்' என்ற முத்திரை விழாமல், தன் தப்புக்கு உள்ளபடியே வருந்தி, முடிவுக்குத் தானும் சம்மதித்த பிள்ளைகள் மறுபடி தப்பு செய்வது குறைவு. திட்டுவதற்காகக் கூடும் குடும்பமும் உண்டல்லவா? அந்தக் கூட்டத்தால் பயன் இல்லை.

குற்றங்கள் குறைந்தனவா? 2010-ஐ ஒட்டிய பத்து ஆண்டுகளில் சிறுவர் குற்றம் அங்கே பாதிக்கு மேல் குறைந்தது. அந்தப் பெருமை முழுவதையும் குடும்பக் கூட்டத்துக்குக் கொடுக்க முடியாது. வேறு பல நாடுகளிலும் அதே காலத்தில் சிறுவர் குற்றம் குறைந்திருக்கிறது. பிறகு 2021, 2022-ம் ஆண்டுகளில் ஒரு புதுத் தொல்லை கிளம்பியது. சிறுவர்கள் திருடிய காரைக் கடைக் கதவின் மீது மோதி உடைத்து உள்ளே புகுந்தார்கள். அடிபட்ட கடைகளில், இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் இரவும் பகலும் பாடுபட்டு நடத்தும் சிறு கடைகளும் உண்டு. கடைக்காரர்களின் கோபம் நியாயமானது. "பிள்ளை, பிள்ளை என்கிறீர்களே, எங்கள் பிழைப்பு?" என்று கேட்டார்கள்.

2024 ஜூலையில் சர்க்கார் ராணுவப் பயிற்சி போன்ற ஒரு முகாமைச் சோதனையாகத் தொடங்கியது. பத்து வாலிபர்களை மூன்று மாதம் விடுதியில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அது தொடங்கிய அதே ஜூலையில்தான் இன்னொரு அறிக்கையும் வெளிவந்தது. பழைய விடுதிகளிலும் காப்பகங்களிலும் நடந்த கொடுமைகளை ஆராய 2018-ல் அமைத்த ராயல் கமிஷனின் அறிக்கை அது. 1950 முதல் 2019 வரை அந்த இடங்களில் இருந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 55 ஆயிரம் பேர். அவர்களில் 2 லட்சம் பேர் வரை கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்று கமிஷன் கணக்கிட்டது! 2024 நவம்பர் 12-ந்தேதி பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். கேட்க வந்தவர்களில் பலர் தலை நரைத்தவர்கள்.

ஆற்றின் பெயர் தெரியுமா?

தெற்கு ஆஸ்திரேலியா 1993-ல் சட்டம் போட்டுக் குடும்பக் கூட்டத்தை ஏற்றுக்கொண்டது. வடக்கு அயர்லாந்து 2002-ம் ஆண்டுச் சட்டத்தில் இதைப் போன்ற முறையைக் கொண்டுவந்தது. இன்னும் பல நாடுகள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டன.

நியூசிலாந்துக்காரர்கள் அதற்கு மேலும் ஒரு படி போனார்கள். குடும்பம் போட்ட திட்டம் காகிதத்தில் தூங்குகிறது என்றோமே, அதை எழுப்புவதற்கு வழி தேடினார்கள். 2008-ல் கிஸ்பர்ன் என்ற ஊரில் ஹீமி தவ்மௌனு என்ற நீதிபதி, இளைஞர் கோர்ட்டையே மராயேக்குக் கொண்டுபோனார். 'ரங்கதாஹி கோர்ட்டு' என்று அதற்குப் பெயர். 'ரங்கதாஹி' என்றால் இளைஞர். பிறகு வேறு ஊர்களிலும் இது தொடங்கியது. குடும்பக் கூட்டத்தில் திட்டம் முடிவானதும், அதைப் பையன் செய்கிறானா என்று அடிக்கடி பார்ப்பதுதான் இந்தக் கோர்ட்டின் வேலை. தண்டனைச் சட்டம் எல்லாம் மற்றக் கோர்ட்டுகளில் உள்ளதேதான். இடந்தான் வேறு.

சுவரில் முன்னோர்களின் மரச் சிற்பங்கள். நீதிபதி மேடையில் இல்லை. அவர் அருகில் மாவோரிப் பெரியவர்கள். பையன் தன் குடும்பத்தோடு உள்ளே வருகிறான். அவன் எழுந்து நின்று தன்னைப் பற்றி மாவோரி மொழியில் சொல்லவேண்டும். என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த படகு இது, என் பாட்டன் இன்னார் என்று சொல்லவேண்டும்.

பலருக்கு இது தெரியாது. தங்கள் ஆறு எது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால் கோர்ட்டு தேதிக்கு முன்பு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். பாட்டியிடம் போய்க் கேட்கிறார்கள். பாட்டிக்கு மறந்திருந்தால் அவளுடைய அண்ணனிடம் போகிறார்கள்.

பையன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கிறான். அதன்பிறகுதான் நீதிபதி காகிதத்தை எடுத்து, திட்டத்தில் எழுதிய வேலை எவ்வளவு முடிந்தது என்று பையனையும் குடும்பத்தையும் விசாரிக்கத் தொடங்குகிறார்.